இரண்டு விரல் இடைவெளி

பின்னேரம் ஐந்து மணிக்குக் கொள்ளுப்பிட்டிச் சந்தியில் பத்து நிமிஷம் நின்று, கார்களின் சில்லுகளை மட்டும் பாருங்கள். சில்லின் மேற்பக்கத்துக்கும் மட்கார்ட் விளிம்புக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி. அல்ட்டோவில் ஒரு கைமுஷ்டி போகும். பழைய நிஸான் சன்னியில் நாலு விரல். இடைக்கிடை ஒரு சிவிக் வரும், இரண்டு விரல் போனாலே பெரிய காரியம். நிலத்தோடு ஒட்டிக்கொண்டு, மேன்ஹோல் மூடிகளைச் சுற்றி வளைந்து வளைந்து போகும். பக்கத்தில் நிற்கிற ஓட்டோக்காரர் சிரிப்பார். ஓட்டுகிற பொடியன் சிரிக்க மாட்டான், அவன் அடுத்த குழி எங்கே என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பான்.

எங்கள் வட்டத்தில் கார் வைத்திருப்பவர்கள் மூன்று பேர், காரைப் பற்றிக் கதைப்பவர்கள் எல்லாரும். "இறக்கிறதெண்டால் என்ன ஸ்பிரிங் போடலாம்?" என்ற கேள்வி மாதத்துக்கு ஒரு தடவையாவது வரும். வருகிற பதில் ஏதாவது ஒரு ஜப்பான் பெயரும் ஒரு விலையும். நாங்கள் கலைப்பீடத்துக்காரர் என்பதால் கேள்வியை மற்றப் பக்கத்தால் பிடித்துப் பார்த்தோம். ஒரு காரின் உயரத்தைத் தீர்மானிப்பது யார்? எந்த வீதியை மனதில் வைத்து? அந்த வீதி எங்கள் வீதியா?

முதலில் சாமான் என்னவென்று சொல்லிவிடுவோம். தாழ்த்தும் ஸ்பிரிங் என்பது கம்பனி போட்ட ஸ்பிரிங்கை விடக் குட்டையான, கொஞ்சம் கடினமான சுருள். அவ்வளவுதான். குட்டை என்பதால் கார் இறங்கும். கடினம் என்பதால் வளைவில் சரியாது. சில்லுக்கு மேலே இருந்த இடைவெளி குறையும், பார்க்க வடிவாக இருக்கும். ஆனால் அந்த இடைவெளியைக் கம்பனிக்காரன் சும்மா விடவில்லை. குழியிலோ மேட்டிலோ அடிபடும்போது சில்லு மேலே எழும்புவதற்கு வைத்த இடம் அது. காரை இறக்கும்போது அழகுக்காகச் செலவழிப்பது அந்த இடத்தைத்தான்.

இந்த இடமே இல்லாமல் எங்கள் ஆட்கள் நெடுங்காலம் பயணம் செய்திருக்கிறார்கள். ஸ்பிரிங் பூட்டாத மாட்டு வண்டியில் அச்சுக்கும் இருக்கைக்கும் நடுவில் நெகிழ்கிற சாமான் எதுவும் கிடையாது, ஏறியிருப்பவரின் முதுகுதான் ஸ்பிரிங். இழுத்த இழுப்புக்கு ஏற்பவே நீட்சி என்ற விதியை ரொபேர்ட் ஹூக் 1678இல் அச்சிட்டுவிட்டார். உயர்தரத்தில் ஊக்கின் விதி என்று நாங்கள் பாடமாக்கினது அதைத்தான். வண்டிகளுக்கு அது ஒழுங்காக வந்து சேர இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் எடுத்தது. லண்டனில் ஒபடையா எலியட் என்ற வண்டி செய்பவர், இரும்புத் தகடுகளை அடுக்கி நீள்வட்டமாக வளைத்த ஸ்பிரிங்குக்கு 1804இல் காப்புரிமை எடுத்தார். அதன் பிறகுதான் இலேசான, ஆடி ஆடி மிதக்கிற குதிரை வண்டிகள் வந்தன.

அப்படியான வண்டிகள் கொள்ளுப்பிட்டிக்கு அந்நியமில்லை. 1870இல் விக்டோரியா மகாராணியின் மகன் அல்பிரட் இளவரசர் இங்கே வந்தபோது, சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா தன் மாளிகையில் விருந்து கொடுத்தார். பகதல் என்றிருந்த அந்த மாளிகை அதற்குப் பிறகு அல்பிரட் ஹவுஸ் ஆனது. இன்றைக்கு அல்பிரட் பிளேஸ், அல்பிரட் ஹவுஸ் கார்டன்ஸ், பகதல் வீதி என்று நாங்கள் பஸ்ஸுக்கு நிற்கிற இடங்களெல்லாம் அந்த ஒரு வளவின் துண்டுகள்தான். அந்த விருந்துக்கு வந்த துரைமாரின் வண்டிகளுக்கு ஸ்பிரிங் இருந்தது. அதே காலி வீதியால் சரக்கு இழுத்த மாட்டு வண்டிகளுக்கு இல்லை. ஒரே றோட்டு, இரண்டு விதமான முதுகு.

காரும் இந்தப் பக்கத்தில்தான் முதலில் வேர்விட்டது. இலங்கை மோட்டார் வாகனச் சங்கம் 1904இல் தொடங்கியது, அதன் கட்டடம் இன்றும் கொள்ளுப்பிட்டியில்தான், காலிமுகத்திடலுக்குக் கிட்ட. கொழும்பின் வடக்குப் பக்கத்துக்கு வேறு கதை. 1899 முதல் ட்ராம் கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸுக்கும் பொரளைக்கும் ஓடியது. காலி வீதிக்கு ட்ராம் வரவில்லை. அதனால் தெற்கே போகிற கார்க்காரருக்கு நடுறோட்டில் தண்டவாளம் தடக்கவில்லை, கொட்டாஞ்சேனைப் பக்கம் போனவருக்குத் தடக்கியது. 1960இல் ட்ராம் நின்றுபோயிற்று. வடக்கு றோட்டுக்கும் தெற்கு றோட்டுக்கும் இருந்த வித்தியாசம் நிற்கவில்லை. அதற்குப் பிறகு வருவோம்.

1948இல் மொரிஸ் மைனர் வந்தது. அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த கார். கொழும்பில் ஒரு தலைமுறைக்குக் கார் என்றாலே அதுவும் ஒஸ்டினும்தான். மைனரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. காருக்கு அடியில் நீளவாக்கில் ஓடுகிற ஒரு முறுக்குத் தண்டு, அது முறுகித் திரும்புவதுதான் ஸ்பிரிங். பின்பக்கம் தகடு அடுக்கு. அந்தத் தண்டின் முனையில் பற்கள் இருக்கும். ஒரு பல் தள்ளிப் பூட்டினால் காரின் உயரம் மாறும், புது ஸ்பிரிங் வாங்கவே தேவையில்லை. அடுத்து 1959இல் அதே இஸிகோனிஸ் செய்த மினி. அதற்கு ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் கூம்பு, அலெக்ஸ் மௌல்ட்டன் என்பவரின் யோசனை. ரப்பர் வயது போகப் போக அமுங்கி இறுகும். ஆகவே பழைய மினி ஒவ்வொன்றும் யாரும் கை வைக்காமலே தாழ்ந்துகொண்டு போகும்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் எங்களைப் பிடித்து நிறுத்தியது. எங்கள் தாத்தாமார் காலத்தில் கார் தாழ்ந்திருந்தால் அது நோய். "ஸ்பிரிங் படுத்திட்டுது" என்று சொல்வார்கள், ஆளைப் பற்றிச் சொல்வது மாதிரி. 1960களின் தொடக்கத்திலிருந்து அந்நியச் செலாவணி இல்லையென்று கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. இருக்கிற காரை வைத்தே ஓட வேண்டும். உடைந்த தகட்டுக்குப் பதில் லொறியின் தகட்டை வெட்டிப் போடுவது, அடுக்கில் ஒரு தகடு கூட்டிக் காரை உயர்த்துவது, படுத்த ஸ்பிரிங்கைப் பட்டறையில் கொடுத்து எழுப்புவது என்று ஒரு கைத்தொழிலே அந்தக் காலத்தில் ஓடியது. அப்போது 'பாஸ்'மாரின் திறமை காரை உயர்த்தி வைத்திருப்பதில் இருந்தது. இன்றைக்கும் வீட்டில் அப்பாவுக்கு முன்னால் காரை இறக்கிக்கொண்டு போய் நிறுத்திப் பாருங்கள், முதல் கேள்வி "ஏன்டா, ஸ்பிரிங் உடைஞ்சிட்டுதே?" என்பதாகத்தான் இருக்கும். பகிடியாகக் கேட்கவில்லை. அவருடைய கண்ணுக்குப் படிந்த கார் என்றால் பஞ்சகாலத்துக் கார்.

கொழும்புத் தமிழ் வீடுகளின் கார்களுக்கு இன்னொரு கதையும் உண்டு, அதைச் சொல்லாமல் தாண்ட எங்களால் முடியாது. 1957 தொடக்கம் புதிதாகப் பதியும் வாகனங்களின் இலக்கத் தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' வந்தது. அதற்கு எதிராகத் தமிழரசுக் கட்சி போராட்டம் நடத்தியது. ஆட்கள் தகட்டில் தார் பூசினார்கள், தமிழ் 'ஸ்ரீ' எழுதினார்கள், சிறைக்குப் போனார்கள். 1958இல் கலவரம். பிறகு 1983 ஜூலையில் காலி வீதி நெடுகக் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது வாகனங்களும் எரிந்தன. மறித்த வாகனங்களில் பெற்றோல் உறிஞ்சித்தான் பல இடங்களில் தீ வைத்தார்கள். எரியாமல் தப்பிய கார்களும், வெளிநாடு போன குடும்பங்கள் வந்த விலைக்கு விற்றதில் கைமாறிப் போயின. வெள்ளவத்தையில் தாத்தா வாங்கின கார் பேரன் கையில் இருப்பதைக் காண்பது ஏன் அபூர்வம் என்று கேட்டால், ஸ்பிரிங்கில் மட்டும் காரணம் தேட முடியாது.

1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரம், அதோடு ஜப்பான் கார்கள். அங்கேயும் வலப்பக்க ஸ்டியரிங், இங்கேயும் அதே. பாவித்த கார்களைக் கப்பலேற்றி 'ரீகண்டிஷன்' என்று விற்கத் தொடங்கினார்கள். ஜப்பான்காரன் தன் றோட்டுக்குச் செய்த உயரம் அப்படியே எங்கள் றோட்டில் இறங்கியது. போர்க்காலத்தில் அதை மேலும் இறக்க ஆசைப்பட்டவர் அதிகம் இருந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறோம். ஹோட்டல் வாசலிலும் அமைச்சு வாசலிலும் தடியில் கட்டிய கண்ணாடியைக் காருக்கு அடியில் விட்டுப் பார்க்கிற காலம். பின்பக்கம் தாழ்ந்த கார் என்றால் டிக்கியில் பாரம் இருக்கிறது என்றுதானே ஆருக்கும் முதலில் தோன்றும்? தமிழ்ப் பெயர் அடையாள அட்டையோடு அந்த எண்ணத்துக்கு எதிரே போய் நிற்க யாருக்குத் துணிவு வரும்?

காரை வேண்டுமென்றே இறக்கும் பழக்கத்தின் தாய்வீடு வேறு. கலிபோர்னியாவில், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, மெக்சிக்க அமெரிக்கப் பொடியள் பழைய ஷெவர்லேக்களின் டிக்கியில் மணல் மூட்டை ஏற்றியும் ஸ்பிரிங்கை வெட்டியும் காரை நிலத்தோடு ஒட்டினார்கள். வெள்ளைக்காரப் பொடியள் காரை வேகமாக ஓட்டினார்கள், இவர்கள் மெல்ல ஓட்டினார்கள், எல்லாரும் பார்க்கட்டும் என்று. அரசாங்கம் பார்த்தது. காரின் உடம்பு ரிம்மின் அடி விளிம்பை விடக் கீழே போகக் கூடாது என்ற சட்டம் 1958 ஜனவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. (அதே நாளில்தான் இங்கே பஸ்கள் தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. தொடர்பு ஒன்றுமில்லை, எழுதாமல் விட மனம் வரவில்லை.) அடுத்த வருஷமே ரொன் அகிரே என்பவர் தன் கொர்வெட்டில் ஹைட்ரோலிக் பம்ப் பூட்டினார். பொலிஸைக் கண்டால் சுவிட்சைத் தட்டி உயர்த்துவது, பொலிஸ் போனதும் இறக்குவது. அந்தத் தடை 2024 தொடக்கத்தில்தான் முற்றாக நீங்கியது.

எங்களுக்கு வந்து சேர்ந்தது அந்த வழியால் இல்லை, ஜப்பான் வழியால். 1995 கடைசியில் ஜப்பான் அரசாங்கம் ஸ்பிரிங் போன்ற பாகங்களை மாற்றுவதற்கு இருந்த கெடுபிடிகளைத் தளர்த்தியது. பரிசோதனையில் காருக்கும் நிலத்துக்கும் நடுவில் 9 சென்ரிமீற்றர் இருந்தால் போதும். அதே வருஷம்தான் ஈ.கே. சிவிக்கும் சந்தைக்கு வந்தது. டெய்ன், எஸ்பெலிர் மாதிரியான பெயர்கள் எங்கள் ஊர்ப் பொடியளுக்குப் பாடமானது இப்படித்தான். ஜேர்மனியில் 1951இல் தொடங்கிய ஐபாக் அதற்கெல்லாம் முந்தியது, ஆனால் இங்கே பேச்சில் ஜப்பான்தான் முதல். காரோடு வந்த ஸ்பிரிங், உதிரியாக வந்த ஸ்பிரிங், பாதிக் காராக வந்து உடைக்கப்பட்டதிலிருந்து கழன்ற ஸ்பிரிங் எல்லாம் பஞ்சிகாவத்தையில் போய்ச் சேர்ந்தன. அங்கே நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், இலங்கையின் இறக்குமதி வரலாற்றை ஆவணக் காப்பகத்தில் தேடுவதை விட அந்தத் தெருவில் தேடுவது சுகம்.

அந்த 9 சென்ரிமீற்றர் யாருடைய 9 சென்ரிமீற்றர் என்பதுதான் எங்கள் கேள்வி. ஜப்பான் றோட்டுக்கு அது போதும். கொழும்பில் றோட்டு என்று ஒரு சாமான் இல்லை, பல சாமான்கள் இருக்கின்றன. காலி வீதி ஏ2 நெடுஞ்சாலை, வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குச் சொந்தம். அதிலிருந்து திரும்புகிற ஒழுங்கைகள் மாநகர சபைக்கு. அந்த ஒழுங்கையின் வயிற்றுக்குள் தண்ணீர்க் குழாய் ஒரு சபையின் பொறுப்பு, மலக்குழாய் இன்னொன்றின் பொறுப்பு, தொலைபேசி வயர் ஒரு கம்பனியின் பொறுப்பு. ஒவ்வொருவரும் தனித்தனியாக வெட்டுவார்கள். வெட்டின பள்ளத்தை மண் போட்டு மூடி மேலே தார் பூசினால், அடுத்த மழையோடு மண் இறுகி அந்த இடம் பதியும். மொத்த றோட்டுக்கும் புதுத் தார் போட்டால் மேன்ஹோல் மூடி கீழே போய்விடும். நாலு விரல் ஆழம், சதுரமான விளிம்பு. ஸ்பிரிங்கைப் பொறுத்தவரை உருண்டையான பெரிய குழியை விட இந்தச் சதுர விளிம்புதான் எமன்.

இனி வடக்குக்கு வருவோம். அமெரிக்காவில் இலினோய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. புதிதாகப் போட்ட றோட்டுகளில் லொறிகளை இடைவிடாமல் ஓட்டி, எது எவ்வளவு உடைக்கிறது என்று அளந்தார்கள். அச்சின் மேல் இருக்கிற பாரம் இரண்டு மடங்கானால் றோட்டுக்கு வரும் சேதம் இரண்டு மடங்கில்லை, கிட்டத்தட்ட பதினாறு மடங்கு. பத்து மடங்கு பாரமென்றால் பத்தாயிரம் மடங்கு. இதைத் தெரிந்துகொண்டு புளூமெண்டல் வீதியில் துறைமுகத்துக் கொள்கலன் லொறிகள் வரிசையாகப் போவதைப் பாருங்கள். கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், முகத்துவாரம் பக்கத்து றோட்டுகள் ஏன் அப்படி இருக்கின்றன என்பதற்கு அங்குள்ள சனத்தைக் குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கொள்ளுப்பிட்டிக் கடையின் கண்ணாடிக்குள் இருக்கிற சாமானில் பாதியாவது அந்த றோட்டுகளை மிதித்துக்கொண்டுதான் வருகிறது. அலரி மாளிகையும் தூதரகங்களும் இருக்கிற துண்டில் தார் கண்ணாடி மாதிரி இருக்கும். ஜம்பட்டா வீதிக்குப் போகும்போது உங்கள் முள்ளந்தண்டு அந்த வித்தியாசத்தைச் சொல்லும். இறக்கின கார் என்றால் இன்னும் தெளிவாகச் சொல்லும்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு, எங்கள் விஞ்ஞானபீட நண்பர்கள் சரிபார்த்துத் தந்தது. ஓட்டுநர் மட்டும் இருக்கும்போது ஒரு காரின் சில்லு மேலே எழும்ப 80 மில்லிமீற்றர் இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்பிரிங் விழுங்குகிற சக்தி, அது அமுங்குகிற தூரத்தின் வர்க்கத்தோடு கூடும். ஆகவே 15 மில்லிமீற்றர் இறக்கினால், அதே குழியின் அடியை மிச்சமுள்ள 65இல் தாங்க ஸ்பிரிங் ஒன்றரை மடங்கு கடினமாக வேண்டும். 30 இறக்கினால் இரண்டரை மடங்கு. 50 இறக்கினால் ஏழு மடங்கு. கடையில் விற்கிற தாழ்த்தும் ஸ்பிரிங் பெரும்பாலும் கால் பங்கு கடினம் கூட இருக்கும், மிஞ்சினால் அரைப்பங்கு. மீதி அடி எங்கே போகும்? முதலில் பம்ப் ஸ்டொப் என்கிற அந்த ரப்பர் துண்டுக்கு. அதுவும் முடிந்தால் காரின் தகட்டுக்கு.

இதில் ஆட்களை இன்னும் ஏற்றவில்லை. எங்கள் ஊரில் காரில் தனியாகப் போகிறவர் யார்? அம்மா, அம்மம்மா, சித்தியின் பிள்ளைகள், முன்னேஸ்வரத்துக்குக் கொண்டுபோகிற பூசைச் சாமான் என்று 300 கிலோ ஏறினால் ஒரு சில்லுக்கு 75 கிலோ. ஒரு மில்லிமீற்றருக்கு 2 கிலோ தாங்குகிற ஸ்பிரிங் என்றால் கார் இன்னும் 37 மில்லிமீற்றர் இறங்கும். 30 தாழ்த்தி, ஸ்பிரிங்கை மூன்றில் ஒரு பங்கு கடினமாக்கியிருந்தாலும், கடைசியில் சில்லுக்கு மிஞ்சுவது ஒரு பெருவிரல் அகலம். அந்தப் பெருவிரலை வைத்துக்கொண்டு ஆமர் வீதிச் சந்தியில் மழைத்தண்ணீருக்குள் குழி தேட வேண்டும்.

ஆகவே எங்கள் தீர்ப்பு இது: காரை நீங்கள் காட்டிக்கொள்கிற றோட்டுக்கு அளவெடுக்காமல், தினமும் போகிற மோசமான றோட்டுக்கு அளவெடுங்கள். வீடும் வேலையும் கொள்ளுப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் நடுவில் என்றால் 25 வரை யோசிக்கலாம். கொட்டாஞ்சேனையிலிருந்து வருகிறவர் 15ஐத் தாண்டுவது புத்தியில்லை. 15 இறக்கினால் யாருக்கும் தெரியாதே என்று கேட்பார்கள். தெரியும், பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினால் நன்றாகவே தெரியும். வாங்கும்போது எத்தனை மில்லிமீற்றர் இறங்கும் என்பதோடு ஒரு மில்லிமீற்றருக்கு எத்தனை கிலோ என்பதையும் கேளுங்கள். ஜப்பான் பெட்டிகளில் அநேகமாக இரண்டும் எழுதியிருக்கும். முதலாவது மட்டும் தெரிந்த கடைக்காரரிடம் வாங்காதேங்கோ. சுருளின் ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் அகலமாகவும் சுற்றிய ஸ்பிரிங் எங்களுக்குப் பொருத்தம். சின்ன மேடுகளுக்கு அது மென்மையாக இருக்கும், நெருங்கின சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிய பிறகு கடினமாகும். பழைய ஷொக் அப்ஸோபரோடு புது ஸ்பிரிங் போட்டால் ஒரு குழிக்கு மூன்று தரம் துள்ளும். கடினமான ஸ்பிரிங்கை அடக்கக் கூடிய ஷொக் தேவை, அதற்குக் காசு இல்லையென்றால் அது வரும் வரைக்கும் ஸ்பிரிங்கையும் ஒத்திவைப்பது மேல்.

வெட்டுகிற கதை தனி. ஆறு சுற்றில் ஒரு சுற்றை வெட்டினால் ஸ்பிரிங் ஐந்தில் ஒரு பங்குதான் கடினமாகும், ஆனால் உயரம் அதை விட அதிகமாகப் போய்விடும். வெட்டின முனை இருக்கையில் சரியாக உட்காராது. பெரிய பள்ளத்தில் சில்லு தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து விலகவும் கூடும். காஸ் விளக்கால் சூடாக்கிப் படுக்க வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். உருக்குக்குக் கொடுத்த பதம் அதோடு போயிற்று, எந்த நாளில் முறியும் என்பது அதற்கே தெரியாது. இரண்டும் மலிவு என்பது உண்மைதான். பட்டறையில் படுத்த ஸ்பிரிங்கை எழுப்பின தலைமுறையின் பிள்ளைகள் நல்ல ஸ்பிரிங்கைச் சூடு காட்டிப் படுக்க வைப்பதைப் பார்க்க எங்களுக்கு ஒரு மாதிரித்தான் இருக்கிறது.

ரயரும் ஸ்பிரிங்தான், அதை மறந்துவிடுவோம். 15 அங்குல ரிம்மில் 195/55 ரயரின் பக்கச் சுவர் 107 மில்லிமீற்றர். வடிவுக்காக 17 அங்குல ரிம்முக்கு மாறி 205/40 போட்டால் 82. சில்லின் மொத்த உயரம் மாறாது, ஆனால் காற்று மெத்தையில் 25 மில்லிமீற்றர் போய்விட்டது. காரையும் இறக்கி ரயரையும் மெல்லிதாக்குகிறவர் ஒரே கடனை இரண்டு தரம் வாங்குகிறார். இரண்டில் ஒன்று போதும்.

இதெல்லாம் 2019இல் எழுதியிருந்தால் கொஞ்சம் சிரித்துக்கொண்டே எழுதியிருப்போம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022 ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. பெற்றோல் வரிசைகளில் கார்கள் நாட்கணக்கில் நின்றன. தனியார் கார்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதி, அதுவும் வரியோடு சேர்த்தால் எங்கள் வயதுக்காரர் கிட்டப் போக முடியாத விலையில். ஆகவே இன்றைக்கு எங்கள் வட்டத்தில் ஓடுகிற கார் ஒவ்வொன்றும் தாத்தாவின் மைனர் மாதிரி ஆகிவிட்டது. உடைந்தால் இன்னொன்று இல்லை. ஷொக் போய் உட்காரும் தகட்டுக் கூடு இருபத்தைந்து வருஷத்துக் கடற்காற்றில் ஏற்கெனவே துருப்பிடித்திருக்கும். பம்ப் ஸ்டொப் தாங்காத அடியெல்லாம் அந்தக் கூட்டில்தான் இறங்குகிறது. அதில் வெடிப்பு விழுந்தால் எந்தப் பெட்டியிலும் உதிரி வராது.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்ல வேண்டும். 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம்தான் இன்றைக்கும் அடிப்படை. 2025 ஜனவரியில் பொலிஸார் பஸ்களிலும் ஓட்டோக்களிலும் பூட்டின மேலதிகச் சோடனைகளைக் கழற்றத் தொடங்கியபோது எவ்வளவு சத்தம் வந்தது என்று ஞாபகம் இருக்கும். கார்களின் முறை வராது என்று யாரும் நம்ப வேண்டாம். காப்புறுதிக்காரரிடம் முன்பே சொல்லி வைப்பதும் நல்லது.

போட்ட பிறகு சில்லு அலைன்மென்ட் செய்ய வேண்டும், இல்லையென்றால் ரயரின் உள்விளிம்பு தேய்ந்து நூல் தெரியும் வரைக்கும் உங்களுக்குத் தெரியாது. ஒரு மாதம் ஓடியபின் திரும்பவும் உயரத்தை அளவுங்கள், புது ஸ்பிரிங் கொஞ்சம் படியும். கழற்றின கம்பனி ஸ்பிரிங் நாலையும் பாஸ் கேட்டால் கொடுக்காதேங்கோ. எண்ணெய் பூசி, பேப்பரில் சுற்றி, கட்டிலுக்குக் கீழே வையுங்கள். பஞ்சிகாவத்தையில் இப்போது இறக்குகிற ஸ்பிரிங்கைத் தேடுவது சுகம், நல்ல நிலையில் பழைய உயரத்து ஸ்பிரிங்கைத் தேடுவதுதான் கஷ்டம்.